ஹப்புத்தளையில் வீட்டு அறையை விருந்தினருக்கு விடுவது: கடன் எடுத்துக் கட்டலாமா?

ஹப்புத்தளை_மகன்

எல்லோருக்கும் வணக்கம். தம்பேதன்னை போகும் பாதையில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்து கடைசியில் எடுத்த ஈபிஎப் காசு, அம்மா ஏழு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு, இரண்டையும் போட்டு வாங்கிய 12 பேர்ச் காணி. காணி உறுதிப் பத்திரம் அம்மா பெயரில் இருக்கிறது. தங்கச்சி கல்யாணம் முடித்துப் போன பிறகு மேல்மாடி இரண்டு அறையும் சும்மா கிடக்கின்றன. வானம் தெளிந்த காலையில் மாடியில் நின்றால் தெற்கே சமவெளி முழுக்கத் தெரியும்.

லிப்டன் சீட் என்ற மலைக் காட்சியிடத்தைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். பக்கத்தில் இரண்டு வீட்டில் அறை விடுகிறார்கள், நன்றாகத்தான் ஓடுகிறது. என் யோசனை இதுதான்: வங்கியில் 25 இலட்சம் கடன் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டி, பாத்ரூமோடு மூன்று அறை புதிதாகக் கட்டுவது. ஐந்து வருடக் கடன், 14 வீத வட்டி, மாதம் சுமார் 58,000 ரூபா கட்ட வேண்டும். நான் பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன், அந்தச் சம்பளத்தைப் பார்த்து, அம்மாவின் காணியை ஈடாக வைத்துத்தான் கடன் தருவார்கள்.

இந்தத் தொழில் செய்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எல்ல_அக்கா

தம்பி, நான் எல்லயில் 2016-இலிருந்து மூன்று அறை நடத்துகிறேன். உங்கள் கேள்விக்கு முதல் பதில், மேலே சும்மா கிடக்கும் இரண்டு அறையை வைத்துத் தொடங்குங்கள். மேட்டை வெட்டும் கதையை ஒரு வருடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். சீசனில் ஒரு அறை இரவுக்கு 9,000 ரூபா என்று வையுங்கள். அறை முன்பதிவு செய்யும் இணையத் தளம் என்னிடம் 15 வீதம் எடுக்கிறது, அது 1,350 ரூபா. 2024-இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளமும் அதே 1,350 தான். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், அதனால் ஒவ்வொரு முறை அந்தக் கழிவைப் பார்க்கும்போதும் எனக்கு மனது கனக்கும். சரி, மிச்சம் 7,650. இரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு, பெட்ஷீட் கழுவுவது, கரண்ட், சவர்க்காரம், பழுதுக்கு ஒதுக்குவது என்று 2,000 போனால் கையில் 5,500 அளவில் நிற்கும். அதாவது 11 இரவு விட்டால்தான் உங்கள் ஒரு மாதத் தவணை.

மூன்று அறைக்கு மாதம் 90 இரவு இருக்கிறதே, 11 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஜூலை ஆகஸ்டில் பெரிய விஷயமே இல்லை, பத்து நாளில் எடுத்துவிடலாம். ஆனால் ஒக்டோபர் வந்ததும் நம் ஊவாப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். நவம்பரில் முழு மாதத்துக்கும் நாலே இரவு போன வருடங்கள் எனக்கு உண்டு, அதுவும் 5,000-க்கு இறக்கித்தான். தவணைக்கு மழை தெரியாது தம்பி.

இன்னொன்று, 25 இலட்சத்தில் மூன்று அறை முடியாது. நீங்கள் ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறீர்கள், சீமெந்து, கம்பி, டைல் விலை என்னைவிட உங்களுக்குத் தெரியும். போன வருடம் எனக்கு மேசன் சொன்ன கணக்கு சதுர அடிக்குப் பத்தாயிரத்துக்குக் குறையவில்லை. பாத்ரூமோடு ஒரு அறைக்கு 200 சதுர அடி போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் 60 இலட்சம்.

கொழும்பு13

அக்கா சொல்வதில் பாதிதான் எனக்குச் சரி. எல்லோரும் பயந்து பயந்து ஒரு அறை இரண்டு அறை என்று இருந்தால் கடைசியில் நல்ல இடமெல்லாம் கொழும்பிலிருந்து காசோடு வருகிறவன் கைக்குத்தான் போகும். நானே அப்படி வந்தவன்தான், பண்டாரவளைப் பக்கம் ஒரு பழைய பங்களாவை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். 2018-இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சம். 2021-இல் அது 194,495-க்கு விழுந்தது. 2024-இல் திரும்ப 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. விழுந்தது எழுகிறது. எழும்போது அறை வைத்திருக்கிறவனுக்குத்தான் காசு.

வரியைப் பற்றியும் பயம் வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வருட வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. உங்கள் கடைச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், அதை மட்டும் மறக்க வேண்டாம். டின் நம்பர் (வரி செலுத்துபவர் இலக்கம்) எடுத்து, வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி வந்தால் போதும்.

எல்ல_அக்கா

கொழும்பு அண்ணா, நீங்கள் போட்ட அந்த எண்களுக்கு நடுவில் நான் இருந்தேன். 2019 ஏப்ரல் 21 குண்டு வெடித்தபோது வீட்டில் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். மூன்று நாளில் எல்லோரும் போய்விட்டார்கள், மே மாதம் முழுவதும் ஒருவரும் வரவில்லை. கொஞ்சம் நிமிர்ந்தால் 2020-இல் கொரோனா. அது முடிகிறது என்றால் 2022-இல் பெட்ரோல் வரிசை, வருகிறேன் என்றவர்களும் எப்படி வருவது என்று நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். ரயில் பாதை பல இடத்தில் உடைந்தது, கிறிஸ்மஸ் முன்பதிவு அவ்வளவும் ஒரே வாரத்தில் ரத்தானது.

இத்தனைக்கும் நான் நிற்பதற்குக் காரணம் எனக்குக் கடன் இல்லாததுதான். என் பாதையிலேயே கடனில் கட்டிய ஒரு வீடு ஏலத்துக்குப் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என் மகளோடு ஒன்றாகப் படித்தவர்கள். இந்தத் தம்பி ஈடு வைக்கப் போவது அவருடைய அம்மா வெளிநாட்டில் ஏழு வருடம் பாத்திரம் கழுவி வாங்கிய காணியை. உங்களுக்கு நட்டம் வந்தால் குத்தகையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விடலாம், அவருக்குப் போக வேறு வீடு இல்லை.

கொழும்பு13

காணியை ஈடு வைப்பது என்று நான் கவனிக்கவில்லை, சம்பளத்தின் மேல் மட்டும் என்று நினைத்தேன். காணி ஈடு என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நல்லதண்ணி_கடை

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்கிறேன். சிவனொளிபாத மலைக்கு டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே வெசாக் வரை சீசன். அந்த ஆறு மாதத்தில் சனி ஞாயிறு, போயா நாள் என்றால் அறை கேட்டு இரவு பதினொரு மணிக்கும் கதவைத் தட்டுவார்கள். மே முடிந்து தென்மேல் மழை தொடங்கினால் மஸ்கெலியாப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் பச்சை பிடிக்கும், ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே ஆறு மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். என் வீட்டில் இரண்டு வங்கிப் புத்தகம், சீசன் காசில் பாதி இரண்டாவது புத்தகத்துக்குப் போகும், ஜூனுக்கு முன் அதைத் தொடுவதில்லை.

தம்பிக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்களுக்கு மழை பெய்யும் ஜூலை ஆகஸ்டில் உங்கள் பக்கம் காய்கிறது. ஐரோப்பாக்காரர்களுக்கு அப்போதுதான் பெரிய விடுமுறை, அதைத் தவற விட வேண்டாம்.

ஹல்துமுல்லை_வாசி

நான் விருந்தினர் தொழில் செய்கிறவன் இல்லை. மண்மேட்டை வெட்டுவது என்று படித்ததால் எழுதுகிறேன்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. நான் அப்போது இளந்தாரி, மண் அள்ளப் போனவர்களில் ஒருவன். மண்ணைத் தோண்டும்போது பள்ளிக்கூடக் கொப்பி வரும், சட்டி வரும். அதற்கு மேல் எழுத முடியவில்லை. போன நவம்பர் புயலில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் எத்தனை வீடு போனது என்று எல்லோரும் பார்த்தோம்.

வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக மேட்டை வெட்டினால் மலைக்குக் கால் போன மாதிரி. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மண் கனக்கும், தாங்க ஒன்றும் இருக்காது, அப்படியே இறங்கி வரும். இறங்கும் இடத்தில் நீங்கள் கட்டிய புது அறை, அதற்குள் ஊர் பெயர் தெரியாத ஒரு விருந்தாளி நித்திரையில் இருப்பார். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை உட்பட மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதைச் சும்மா ஒரு கடதாசி என்று நினைக்காதீர்கள். அவர்கள் வந்து மண்ணையும் சரிவையும் பார்த்து, கட்டலாமா, தாங்குசுவர் வேண்டுமா, தண்ணீர் வடிய என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். இப்போதுள்ள வீட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அவர்களுடைய எச்சரிக்கையில் மூன்று நிலை இருக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இதை விருந்தாளிக்கு அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி அறைக் கதவில் ஒட்டுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு யார் சொல்வது?

ஹப்புத்தளை_மகன்

அண்ணே, படித்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய் மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த மேட்டில் போன டிசம்பரில் ஒரு வெடிப்பு விழுந்தது, நாங்கள் மண் போட்டு மூடிவிட்டோம். இப்போது அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஹல்துமுல்லை_வாசி

மூடிய மண்ணை எடுக்க வேண்டாம். மேலே தண்ணீர் தேங்காமல் கான் வெட்டி பக்கமாகத் திருப்பி விடுங்கள். நாளைக்கே கிராம சேவகரிடம் சொல்லுங்கள், அவர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். மழை பெய்தால் அன்றிரவு பின்அறையில் யாரும் படுக்க வேண்டாம். இதைச் செய்த பிறகு தொழிலைப் பற்றி யோசிக்கலாம்.

கொட்டகலைப்_பொண்ணு

எனக்கு ஒரு கேள்வி. எங்களுக்குத் தோட்டத்தில் 7 பேர்ச்சில் தனி வீடு கிடைத்திருக்கிறது, லயத்திலிருந்து போன வருடம்தான் மாறினோம். ஒரு அறையை நாங்களும் விடலாமா? தேயிலைக்கு நடுவில் இருக்கிற வீடு, பார்க்க அழகு. உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

கூடவே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது விருந்தாளிகள் பாதையில் நின்று கேட்காமல் படம் எடுக்கிறார்கள். சில இடத்தில் படத்துக்கு நிற்கச் சொல்லி நூறு ரூபா கொடுக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, "என்னைப் பார்த்தால் காட்சிப் பொருள் மாதிரி இருக்கா?" என்று கேட்டார். அறை விடுகிறவர்கள் நீங்கள், உங்கள் விருந்தாளிகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலில் வணக்கம் சொல்லட்டும், கேட்கட்டும், வேண்டாம் என்றால் கெமராவைக் கீழே இறக்கட்டும்.

எல்ல_அக்கா

தங்கச்சி, அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். என் வீட்டில் வருகிறவர்களுக்கு முதல் பிளேன்டீ கொடுக்கும்போதே இதைச் சொல்வேன். சொன்னால் கேட்கிறார்கள். பலருக்கு அந்தக் கொழுந்துக்கு ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது, சொன்னதும் முகம் மாறிவிடும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உறுதி கைக்கு வரும்வரை வேண்டாம். 1992-இலிருந்து தோட்டங்களைக் கம்பனிகள்தான் நடத்துகின்றன, ஆனால் நிலம் அரசின் நிலம், கம்பனியிடம் குத்தகையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் போகும் பாதையே தோட்டப் பாதையாக இருக்கும். உறுதி இல்லாமல் பிரதேச சபையிலும் பதிவு கிடைக்காது, சுற்றுலா அதிகாரசபையிலும் கிடைக்காது. யாராவது ஒருவர் முறைப்பாடு போட்டால் புது வீட்டுக்கே சிக்கல் வரும். உறுதி வந்ததும் அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டி வாசியுங்கள்.

200 வருடமாக இந்த மலையை நம் ஆட்கள்தான் அழகாக வைத்திருக்கிறார்கள். அந்த அழகை வைத்துச் சம்பாதிக்க ஒரு துண்டுக் கடதாசி நம்மிடம் இல்லை என்பது எனக்கு ஆறவே ஆறாது. ஆனாலும் அறைதான் விட வேண்டும் என்றில்லை. என் வீட்டுக்கு ரொட்டியும் சம்பலும் செய்து தருவது கீழ் லயத்து அக்கா ஒருவர், தோட்டத்து வழியாக நடக்கக் கூட்டிப் போவது அவருடைய மகன். கொட்டகலையில் அறை விடுகிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், சமையல் தெரிந்த ஆள் எல்லா இடத்திலும் தட்டுப்பாடு.

நானுஓயா77

எல்லோரும் பெரிய விஷயம் பேசிவிட்டீர்கள், நான் மெத்தையைப் பற்றிச் சொல்கிறேன். மலைநாட்டில் அறை விடுகிறவனுக்குப் பாதி எதிரி ஈரம்தான்.

மெத்தையைப் பலகைக் கட்டிலில் போடாதீர்கள், அடியில் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். சட்டப் பலகை அடித்த கட்டில் வேண்டும், நடுவில் காற்றுப் போக வேண்டும். மெத்தைக்கு உறை போடுங்கள். கம்பளி ஒரு ஆளுக்கு இரண்டு, அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்ப் எரிந்தால் துணி நாறாது. பெட்ஷீட் ஒரு கட்டிலுக்கு நாலு சோடி வேண்டும், ஏனென்றால் மழை பிடித்தால் மூன்று நாளுக்குக் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை விரித்தால் விருந்தாளி கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது சுடுதண்ணீர். எனக்கு வந்த முதல் பத்துக் குறைகளில் ஏழு சுடுதண்ணீர்தான். உடனடியாகச் சூடாக்கும் சவர் ஹீட்டர் போட்டேன். எங்கள் லைன் கடைசியில் இருப்பதால் மாலை ஏழு மணிக்கு எல்லோரும் லைட் போட்டதும் வோல்டேஜ் விழும், தண்ணீர் சூடில்லாமல் வரும், இல்லாவிட்டால் ட்ரிப் ஆகும். பிறகு 30 லீட்டர் கீசர் போட்டேன், இரண்டு பேருக்குச் சரி. நான்கு மணிக்குப் போட்டு ஏழுக்கு முன் நிறுத்திவிடுவேன். எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் தெரிந்த மின்காரரை வைத்துப் பார்த்த பிறகுதான் ஆளை உள்ளே விட வேண்டும், இதில் காசு பார்க்க வேண்டாம். கேஸ் கீசர் என்றால் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

படம் போடும்போது தெளிந்த நாளையும் மூடுபனி நாளையும் சேர்த்துப் போடுங்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று எழுதிவிட்டு, மூன்று நாளும் பனி மூடியிருந்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தானே. படி எத்தனை, வாகனம் எதுவரை வரும், அட்டை கடிக்குமா, எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சிலர் வெள்ளைக்காரரை மட்டும்தான் விருந்தாளி என்று நினைக்கிறார்கள். நாட்டுக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள். சீதா எலிய அம்மன் கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் என் வீட்டில் தங்குகின்றன. தமிழில் கதைக்க ஆள் இருக்கிறது, மரக்கறிச் சாப்பாடு தனிச் சட்டியில் சமைப்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த வருடம் சொந்தக்காரரையும் அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு நேரே போன் எடுத்து வருகிறார்கள், 15 வீதக் கழிவு இல்லை. எல்லோரிடமும் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் வாங்கிப் புத்தகத்தில் எழுதுவேன், சொந்தக்காரர் அனுப்பிய ஆளாக இருந்தாலும்.

ஹப்புத்தளை_மகன்

பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். பதிவு செய்யாமலே பலர் நடத்துகிறார்கள் என்கிறார்களே?

எல்ல_அக்கா

நடத்துகிறார்கள்தான், நானும் முதல் வருடம் அப்படித்தான் நடத்தினேன். ஒரு விருந்தாளியின் பை காணாமல் போய், பொலிஸுக்குப் போனபோது முதல் கேள்வியே பதிவு எங்கே என்பதுதான். அன்றைக்கு நின்ற நிலை எனக்குப் போதும்.

நீங்கள் குடும்பத்தோடு அதே வீட்டில் இருப்பதால் ஹோம்ஸ்டே என்ற பிரிவில் வருவீர்கள். வீட்டுக்காரர் அங்கேயே வசிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. என்னிடம் கேட்டவை: உறுதியின் பிரதி, பிரதேச சபை அங்கீகரித்த வீட்டு பிளான், கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை. பிறகு ஆள் வந்து அறை, பாத்ரூம், சமையலறை எல்லாம் பார்த்தார்கள். இதில் பலருக்கு மாட்டுவது பிளான்தான், மேல்மாடி கட்டும்போது பிளான் பாஸ் பண்ணியிருக்க மாட்டார்கள். அதை முதலில் தேடுங்கள். பதிவு இருந்தால் விற்பனையில் 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரி கட்ட வேண்டும், தொழில் ஓடும்போது அது பாரம் இல்லை.

ஹப்புத்தளை_மகன்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கடன் எடுக்கவில்லை. அதிகாரிகள் வந்து மேட்டைப் பார்த்தார்கள். வெட்டக்கூடாது, மேலே கான் எடுத்து, சரிவில் புல் பிடிக்க விட வேண்டும் என்றார்கள். பின்அறையை மழை நாளில் பாவிக்க வேண்டாம் என்றும் எழுதித் தந்தார்கள், அதைச் சாமான் அறையாக்கிவிட்டோம். மேல்மாடி பிளானில் ஒரு ஜன்னல் மாறியிருந்தது, அதைச் சரிசெய்ய மட்டும் இரண்டு மாதம் போனது.

முன்பக்கத்து ஒரே அறையைத்தான் திருத்தினோம். கட்டில், மெத்தை, கீசர், டைல், பெயின்ட் எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்து நாற்பதாயிரம். பாதி என் சேமிப்பு, பாதி தங்கச்சி மாப்பிள்ளை தந்தது. போன சனிக்கிழமை மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியத் தம்பதி வந்தார்கள், இரண்டு இரவு, 12,000 ரூபா. எச்சரிக்கைக் கடதாசியைக் கதவில் ஒட்டியிருந்தேன், அந்த ஐயா நின்று முழுக்க வாசித்துவிட்டு, சிவப்பு வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டார். கூட்டிப் போய்க் காட்டினேன்.

காலையில் அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்தார். வந்திருந்த ஆசிரியை அம்மா சமையலறைக்கே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு பேரும் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார்கள், அந்த அம்மாவின் அக்காவும் அதே ஊரில் வேலை செய்தவராம். அம்மா இவ்வளவு கதைத்து நான் பார்த்ததில்லை.

நானுஓயா அண்ணே, கட்டிலுக்குச் சட்டப் பலகை அடிக்கும்போது நடுவில் எத்தனை அங்குலம் விட வேண்டும்? தச்சர் நெருக்கி அடித்துவிட்டார், இப்போதே அடியில் ஈரம் தெரிகிறது.

நானுஓயா77

இரண்டு அங்குலம் போதும் தம்பி. ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றினால் மெத்தை தொய்ந்துவிடும், எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். வெயில் வரும் நாளில் மெத்தையை மாடியில் நிமிர்த்தி வையுங்கள், ஆகஸ்டில் அங்கே நல்ல காற்று இருக்கும்.